மகிழுந்துக் கதவு ஒலிபெருக்கிகளின் ஈரக்காப்பு

மகிழுந்துக் கதவு ஒலிபெருக்கிகளின் ஈரக்காப்பு என்பது, கார்க் கதவுகளில் பொருத்தப்படும் ஒலிபெருக்கிகளை (ஸ்பீக்கர்) மழைநீர், ஈரப்பதம், துரு ஆகியவற்றிலிருந்து காக்கும் முறைகளைக் குறிக்கும். காரின் கதவு நீர் புகாத பெட்டி அன்று. உள்ளே இறங்கும் நீர் அடிப்பகுதி வழியே வெளியேறும்படி அமைக்கப்பட்டது. ஆகவே நீரை முற்றிலும் அடைத்துத் தடுப்பதைவிட, அதற்குரிய பாதையில் வடியவிடுவதே இக்காப்பின் அடிப்படை ஆகும்.

கதவின் அமைப்பு

பெரும்பாலான கார்களின் கதவு, வெளித்தகடு, உட்தகடு என இரு எஃகுத் தகடுகளால் ஆனது. கண்ணாடி ஏறி இறங்குவதற்காக மேல்விளிம்பில் நீண்ட இடைவெளி உண்டு. அங்குள்ள இரப்பர் பட்டை மழைநீரின் பெரும்பகுதியை வெளியே தள்ளினாலும், ஒரு பகுதி கண்ணாடியை ஒட்டி உள்ளே இறங்கும். இந்நீர் வெளியேறக் கதவின் அடிவிளிம்பில் வடிதுளைகள் உள்ளன.

உட்தகட்டுக்கும் பயணிகள் பக்கமுள்ள மூடுபலகைக்கும் இடையே ஒரு நெகிழித் தாள் அல்லது நுரைத்தாள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இது ஈரத்தடுப்புத் தாள் எனப்படும். உட்தகட்டின் துளையில் பொருத்தப்படும் ஒலிபெருக்கியின் முகம் பயணிகளை நோக்கியும், காந்தமும் மின்முனைகளும் கதவின் ஈரப்பக்கத்திலும் அமைகின்றன.

பழுது ஏற்படும் விதம்

* கூம்பு: காகிதக் கூம்பு ஈரத்தை உறிஞ்சி எடை கூடித் தளர்கிறது. பாலிபுரொப்பிலீன் கூம்பு நீரை உறிஞ்சுவதில்லை.
* விளிம்பு வளையம்: பாலியூரித்தேன் நுரையாலான வளையம் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் பொடிந்துவிடும். இரப்பர் வளையம் கூடுதல் காலம் உழைக்கும்.
* காந்த இடைவெளி: ஃபெரைட் காந்தம் தானே ஓர் ஆக்சைடு ஆதலால் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அதன் இருபுறமும் உள்ள எஃகுத் தகடுகள் துருப்பிடிக்கும். குரல் சுருள் அசையும் இடைவெளி மிகக் குறுகியது. அங்கு துரு படிந்தால் சுருள் உரசிக் கரகரப்பு ஒலி எழும்.
* மின்முனைகள்: செப்புக் கம்பியில் பச்சைப் படிவு உண்டாகி மின்தடை கூடுகிறது. ஒலி விட்டுவிட்டுக் கேட்கும்.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்தால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது. எனவே மழை நின்ற பின்னும், வடியாத நீர் கதவினுள் தேங்கியிருக்கும் வரை அரிப்பு தொடரும்.

கார் ஒலிக்கருவிகள் பலவற்றில் ஒலிபெருக்கியின் இரு கம்பிகளுமே, காரின் உடலோடு ஒப்பிடும்போது மின்கல மின்னழுத்தத்தின் பாதியளவில், அதாவது 6 வோல்ட்டு அளவில் இருக்கும். ஈரமான மின்முனைக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையே இந்த நேர் மின்னழுத்தம் மின்பகுப்பை உண்டாக்குவதால், கருவி இயங்கும்போது மின்முனை அரிப்பு விரைவுபடுகிறது.

பாதுகாப்பு முறைகள்

1. வடிதுளைகள்: புழுதியும் சேறும் அடைக்காதவாறு மழைக்காலத்துக்கு முன் மெல்லிய நெகிழிக் குச்சியால் தூய்மை செய்தல் வேண்டும். கண்ணாடியின் மேல் ஒரு குவளை நீரை ஊற்றினால், சற்று நேரத்தில் அது கதவின் அடியில் சொட்ட வேண்டும்.
2. ஈரத்தடுப்புத் தாள்: புதிய ஒலிபெருக்கி பொருத்தும்போது இத்தாளைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் விடுவது பரவலான தவறாகும். அவ்வாறு விட்டால் நீர் மூடுபலகையை நனைத்துத் தரைவிரிப்பின் கீழ் இறங்கும். ஒலிபெருக்கியோடு காரின் தரைத்தகடும் துருப்பிடிக்கும். தாளைப் பியூட்டைல் பசைப்பட்டையால் ஒட்டி, அதன் கீழ்விளிம்பைக் கதவின் உட்புறம் செருகிவிட வேண்டும்.
3. மழைமூடி: ஒலிபெருக்கியின் பின்புறத்தில் மேற்பாதியை மட்டும் கூரைபோல் மூடும் நுரை அல்லது சிலிக்கோன் மூடி போதுமானது. முழுக் கிண்ணம் நீரைத் தேக்கக்கூடும். பின்புறக் காற்றின் கன அளவைக் குறைப்பதால் தாழ்ந்த சுரங்களும் குன்றும்.
4. கம்பிகள்: மின்முனையைச் சென்றடையும் முன் கம்பி சற்றுக் கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்போது கம்பி வழியே வரும் நீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். இணைப்புகளின் மேல் வெப்பத்தால் சுருங்கும் குழாய் இடலாம்.
5. துளைகளும் திருகாணிகளும்: புதிதாக வெட்டிய தகட்டு விளிம்புகளுக்குத் துருத்தடுப்பு வண்ணம் பூச வேண்டும். துருப்பிடிக்கா எஃகுத் திருகாணி தான் துருப்பிடிக்காவிட்டாலும், வண்ணம் சுரண்டப்பட்ட சாதாரண எஃகை ஈரத்தில் விரைந்து அரிக்கச் செய்யும்.

தவிர்க்க வேண்டியவை

வினாகிரி மணமுள்ள சிலிக்கோன் பசை உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடுவதால் செம்பையும் எஃகையும் அரிக்கும். ஒலியடக்கும் தாள்களை வடிதுளைகளின் மேல் ஒட்டக்கூடாது. துருநீக்கும் எண்ணெய்களைக் கூம்பிலோ விளிம்பு வளையத்திலோ தெளிக்கக்கூடாது.

தமிழ்நாட்டுச் சூழல்

காப்பு முறைகளில் எதற்கு முதலிடம் தருவது என்பது இடத்தைப் பொறுத்தது. சேலம் நகரின் சூரமங்கலம் கடலிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருப்பதால் அங்கு உப்புக்காற்றின் தாக்கம் இல்லை. ஆயினும் அவ்வட்டாரம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறுகிறது. கோடை வெயிலில் இறுகும் கண்ணாடி இரப்பரும், வடிதுளைகளில் சேரும் புழுதியுமே அங்கு முதலில் கவனிக்கத்தக்கவை.

கடலோரத்தில் நிலை வேறு. உப்பு, ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக் கரைகிறது; மழையின்றியே அரிப்பு நிகழ்கிறது. அங்கு மின்முனைக் காப்பு முதன்மை பெறும். காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் சோதனை நிலையம் அமைத்ததும் இத்தகைய கடலோரச் சூழலின் பொருட்டே.

நனைந்த ஒலிபெருக்கி

நனைந்த ஒலிபெருக்கியை உலரும்வரை இயக்கக்கூடாது. இணைப்பைக் கழற்றி நிழலில் காற்றாட உலர்த்துதல் நலம். 2015 டிசம்பரில் சென்னையில் நேர்ந்தது போன்ற வெள்ளத்தில் மூழ்கியவற்றில் காந்த இடைவெளியில் வண்டல் புகுந்துவிடுவதால், பெரும்பாலும் மாற்றுவதே வழி.

இவற்றையும் பார்க்க

* ஒலிபெருக்கி
* துரு
* மின்பகுப்பு
* துருப்பிடிக்கா எஃகு