கைக்குழந்தையோடு கடைக்குப் போகும் தாய்மார்களே!

சம்பளம் போட்ட வாரம் பட்டணத்துச் சாமான் கடைகளில் இந்தக் காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். இடுப்பில் பிள்ளை, தோளில் பை, கையில் கசங்கிப்போன சாமான் சீட்டு. பிள்ளை வீரிட்டு அழுகிறது. "என்னாக்கா வேணும், சீக்கிரம் சொல்லுங்க, பின்னால ஆள் நிக்குது" என்கிறார் கடைக்காரர். அந்தத் தாய் பாதியைச் சொல்கிறார், பாதியை மறந்துவிடுகிறார். தராசைப் பார்க்கவில்லை. கூட்டல் சரியா என்று பார்க்கவில்லை. மீதிக் காசை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வருகிறார். வீட்டுக்காரரோ வாசலில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்துகொண்டு, "இவ்வளவு நேரமா?" என்று கேட்கிறார்.

மாதம் முழுதும் வெயிலிலும் மழையிலும் மரம் சீவியும் குலை பொறுக்கியும் சம்பாதித்த பணம், அந்த அரைமணி நேரத்தில் கேட்பாரில்லாமல் போகிறது. குழந்தை அழும்போது கணக்குப் பார்க்க எந்தத் தாயாலும் முடியாது. ஆகவே கடையில் கணக்குப் பார்க்கிறவர் கையில் குழந்தை இருக்கக்கூடாது. குழந்தையை வைத்திருக்கிறவர் தலையில் கணக்கைக் கட்டக்கூடாது. இந்த ஒரு காரியத்தை வீட்டில் பேசி முடித்துவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

"அவுங்களுக்குச் சாமான் வாங்கத் தெரியாதுங்க. பருப்பு வாங்கச் சொன்னா கடலை வாங்கிட்டு வருவாங்க" என்று நம் பெண்களே சொல்வதுண்டு. தெரியாது என்றால் கற்றுக்கொள்ளட்டுமே! எத்தனை குலை வெட்டினோம், டன்னுக்கு எவ்வளவு என்று மண்டோரிடம் காசு பிசகாமல் பேசத் தெரிந்த ஆம்பிளைக்கு, ஒரு கிலோ பருப்பு வாங்கத் தெரியாதா? சீட்டில் பெயரை மட்டும் எழுதாமல் அளவையும், போன மாதம் கொடுத்த விலையையும் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டு மாதத்தில் உங்களைவிட நன்றாக வாங்குவார்.

பிள்ளை பெற்ற வீட்டில் முதல் மூன்று மாதத்துக்குத் தாய் கடை வாசலை மிதிக்கவே தேவையில்லை. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தனியார் துறையிலும் பிரசவ விடுமுறை 98 நாள். முன்பு 60 நாளாக இருந்தது. அந்தத் தேதியிலிருந்தே மணமான தகப்பனுக்கும் சம்பளத்தோடு 7 நாள் விடுமுறை உண்டு. ஒரே முதலாளியிடம் பன்னிரண்டு மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும்; பிரசவத்துக்கு முப்பது நாளுக்கு முன்பே ஆபீசில் சொல்லி வைக்க வேண்டும். இப்படியொரு விடுமுறை இருப்பதே தெரியாத தகப்பன்மார் இருக்கிறார்கள். தெரிந்து எடுத்தவர்களிலும் சிலர் அதைக் கூட்டாளிகளோடு பேசியே கழித்துவிடுகிறார்கள். அந்த ஏழு நாளில் ஒரு மாதச் சாமானை வாங்கி அடுக்கி வைத்தால், பச்சை உடம்புக்காரி நிம்மதியாகப் படுத்திருப்பாள்.

தோட்டத்துக் கடைக்கு வருவோம். பல தோட்டங்களில் பழைய கடைகள் மூடிவிட்டன. இருக்கிற இடத்தில் இன்னும் அந்த 555 நோட்டுதான் ராஜா. பட்டணத்துக்குப் போக முடியாத பிள்ளைத்தாய்ச்சிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் பற்றுக்குச் சாமான் கொடுக்கிற கடை ஓர் உதவிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நோட்டு யார் கையில் இருக்கிறது? கடைக்காரர் கையில் மட்டும் இருந்தால் அது அவர் கணக்கு. உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கட்டும். சாமான் வீட்டுக்கு வந்ததும், குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, பொருள், அளவு, விலை, தேதி நான்கையும் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது கடைக்காரரோடு சண்டை போட வேண்டியதில்லை. நோட்டைக் காட்டினால் போதும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சம்பளப் பணத்தை இந்தக் கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்று எந்த நிர்வாகமும் நிபந்தனை போட முடியாது. அப்படிப் போட்டாலும் செல்லாது என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. எங்கே மலிவோ, எங்கே நிறுவை சரியோ, அங்கே வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

நிறுவை என்றதும் ஒரு விஷயம். நம் பாட்டிமார் இன்னும் காட்டிக் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஒரு காட்டி என்பது ஏறக்குறைய 600 கிராம். "ரெண்டு காட்டி வாங்கிட்டு வா" என்று மாமியார் சொன்னால், மருமகள் ஒரு கிலோ 200 கிராம் என்று சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பேரங்காடிகளிலும் ஒரு வேடிக்கை உண்டு. நெத்திலி, பூண்டு, காய்ந்த மிளகாய் போன்றவற்றுக்குச் சில இடங்களில் நூறு கிராம் விலையைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அவசரத்தில் கிலோ விலை என்று நினைத்து அள்ளிப் போட்டுவிட்டு, பணம் கட்டுகிற இடத்தில் விழிக்கிறோம். பத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

வேறு ஆளே இல்லை, தாய்தான் போயாக வேண்டும் என்கிற வீடுகளும் உண்டு. புருஷன் லோரி ஓட்டுகிறவராக இருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். சாரா உதவிப் பணம் தாயின் மைகார்டில் விழுவதும் ஒரு காரணம். அந்தப் பணத்துக்குப் பதிவு செய்த கடைகளில், குறிப்பிட்ட பொருள்களைத்தான் வாங்கலாம். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய், "இங்கே கார்டு எடுக்க மாட்டோம்" என்று கேட்டுத் திரும்புவது கொடுமை. முன்னால் போய் வந்தவர்களிடம் எந்தக் கடை என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

காலையில் போவது நல்லது. வெயில் ஏறியிருக்காது, கூட்டமும் குறைவு. 2 வெள்ளி 50 காசுக்கு அரசாங்க உதவி விலையில் கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய்கூட, நேரமானால் தீர்ந்துவிடும். சம்பளம் போட்ட முதல் சனி, ஞாயிறைத் தள்ளி வைக்க முடிந்தால் தள்ளி வையுங்கள். பசார் மாலாமுக்குக் கைக்குழந்தை வேண்டவே வேண்டாம். புகையும் நெரிசலும் பெரியவர்களுக்கே ஆகாது.

கிளினிக்கில் ஊசி போடுகிற நாளிலேயே சாமானும் வாங்கி வந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பஸ் காசு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் ஊசி போட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், தொடை வலிக்கும், சிணுங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவது நியாயமா? அன்றைக்கு நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

எப்படிப் போவது? நம் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள்தான் கால். முன்னால் அரிசி மூட்டை, நடுவில் கைக்குழந்தை, பின்னால் தாய், அவர் கையில் இரண்டு பை. செம்மண் பாதையில் ஒரு குழி போதும். பெரியவர்களுக்கு ஹெல்மெட் இருக்கிறது, அந்தப் பிஞ்சுத் தலைக்கு ஏது? கைக்குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றாதீர்கள். சாமானை மோட்டார் சைக்கிளில் அனுப்பிவிட்டுத் தாயும் பிள்ளையும் பஸ்ஸில் வரட்டும், அல்லது அடுத்த வீட்டுக் காரில் வரட்டும். காரில் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது 2020 ஜனவரியிலிருந்து சட்டம். பிள்ளை தூங்குகிறது, ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். இந்த நாட்டில் அப்படிப் போன உயிர்கள் உண்டு.

துணியில் கட்டிக்கொண்டு போனால் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். பிள்ளையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், முகவாய் நெஞ்சில் அழுந்தக்கூடாது. உட்காரப் பழகாத பிள்ளையைத் தள்ளுவண்டியின் மேல் தட்டில் வைக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன்னால் வயிறு நிறையப் பால் கொடுத்துவிடுங்கள். பசியாறிய பிள்ளை பாதி நேரம் தூங்கும். கடையில் அழுதால் ஓர் ஓரமாக உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டுக்கொண்டுதானே பலர் போத்தலுக்குப் போகிறார்கள்?

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சாமான் சீட்டில் பெரிய செலவு பால்மாவுதான். தாய்ப்பால் போதவில்லை என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு டின் வாங்குகிறார்கள். மாதக் கடைசியில் காசு முட்டுகிறது. அப்போது ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் அரைக் கரண்டி. அதுவும் முடியாதபோது, தேத்தண்ணிக்கு ஊற்றுகிற இனிப்புப் பால் டின்னைச் சுடுதண்ணீரில் கரைத்துப் போத்தலில் ஊற்றிவிடுகிறார்கள். "இனிப்பா இருக்கு, பிள்ளை நல்லாக் குடிக்குது" என்கிறார்கள். குடிக்கத்தான் குடிக்கும்! அதில் இருப்பது பெரும்பாலும் சீனி. இப்போது கடையில் மலிவாகக் கிடைக்கும் டின்களில் பல முழுப் பாலும் அல்ல, செம்பனை எண்ணெய் சேர்த்த கிரீமர். பிள்ளை வளருவதற்கு வேண்டிய சத்து அதில் கிடையாது.

இது புதிய சங்கதியும் அல்ல. 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், ரோட்டரி சங்கக் கூட்டத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின்பாலைக் கொடுத்துப் பச்சைக் குழந்தைகளைச் சாகவிடுவதைக் கொலை என்றே சொன்னார். வெள்ளைக்கார முதலாளிகள் நிறைந்த சபையில், வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் அப்படிப் பேசியது சின்னக் காரியமா? எண்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த டின் நம் அடுப்பங்கரையை விட்டுப் பிள்ளையின் போத்தலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனமும் நம் சுகாதார அமைச்சும் சொல்வது. பிறகு சோறு, பருப்பு, காய், முட்டை, மீன் என்று பழக்கிக்கொண்டே இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம். பால் சுரப்பு குறைவு என்று சந்தேகம் வந்தால், டின் வாங்குவதற்கு முன்னால் கிளினிக் நர்ஸிடம் கேளுங்கள். கேட்பதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

தாய் கடைக்குப் போய், பிள்ளை பாட்டியிடம் இருந்தால், பாலைப் பீய்ச்சி மூடிய பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். ஐஸ்பெட்டியில் நான்கு நாள் வரை இருக்கும். வெளியில் வைத்தால் நான்கு மணி நேரம் என்பார்கள். தகரக் கூரை போட்ட நம் லயத்து வெக்கையில் அதையும் நம்ப வேண்டாம். பால்மாவு கொடுத்தே தீர வேண்டிய பிள்ளை என்றால், வீட்டிலேயே கலக்கிப் போத்தலைப் பைக்குள் சுமக்காதீர்கள். கொதித்த தண்ணீரைச் சுடுநீர் பிளாஸ்கிலும், மாவை அளந்து தனி டப்பாவிலும் கொண்டுபோய், வேண்டும்போது சுடச்சுடக் கலக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். மிச்சத்தைக் கீழே கொட்டிவிட வேண்டும். விலையை நினைத்தால் மனசு வராதுதான், ஆனாலும் கொட்டுங்கள்.

சில தோட்டங்களில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். மூன்று வீட்டுக்குச் சேர்த்து ஒரு கார். ஒரு மாதம் ஒருவர் போய் மூன்று வீட்டுச் சாமானும் வாங்கி வருகிறார். இன்னொருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். பத்துக் கிலோ அரிசி மூட்டையாகச் சேர்த்து வாங்குவதால் சில்லறையாக வாங்குவதைவிட மலிவு. எண்ணெய்க் காசைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ரசீது கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அதனால் பிறகு மனஸ்தாபம் இல்லை. அந்தக் காலத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு மரம் சீவப் போன தலைமுறைக்கு இது ஒன்றும் புதிதல்ல. பிள்ளை பார்க்கிற வீட்டில் மட்டும் மண்ணெண்ணெய், எலி மருந்து, களைக்கொல்லிப் போத்தல் எதுவும் கீழே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த அக்காவுக்குப் பசியாற இரண்டு தோசையும் சேர்த்தே சுடுங்கள்.