தேன் மரமும் விமானச் சீட்டும்

வடக்குத் தான்சானியாவில், ஏயாசி ஏரியை ஒட்டி விரியும் யாயேடா பள்ளத்தாக்கு ஹட்சா மக்களின் காடு. மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். கிழங்கு, காட்டுப்பழம், தேன், வேட்டை இறைச்சி என்று காடு தருவதையே முழுக்க நம்பி வாழ்பவர்கள் அவர்களிலும் சில நூறு பேர்தான். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நிறைந்த அவர்களது மொழிக்கு உறவுமொழி என்று உறுதியாகச் சொல்ல எதுவுமில்லை.

அவர்களுக்குத் தேன் தருவது பெரும்பாலும் பெருக்கமரம். மன்னாரில் இன்றும் நிற்கிறதே, அதே மரம். தேன்காட்டிப் பறவை கத்திக்கொண்டே முன்னால் பறக்க, மனிதர் சீழ்க்கையடித்துப் பின்தொடர்வார். கிளைகள் எட்டாத உயரத்தில் இருப்பதால், கூர் சீவிய குச்சிகளை ஒவ்வொன்றாகத் தண்டில் அடித்து இறக்கி, அவற்றையே படியாக்கி ஏறுவார். புகையும் கொள்ளியைப் பொந்துக்குள் காட்டி, தேனீக்களை மயக்கி, அடையைப் பிய்த்தெடுப்பார். மரம் போனால் இந்த ஏற்பாடு மொத்தமும் போய்விடும்.

மரம் போய்க்கொண்டுதான் இருந்தது. உழவர்கள் வெளியிலிருந்து வந்து காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டார்கள். மேய்ச்சலுக்கு மாடுகள் வந்தன. பட்டா இல்லாத, வேலி போடாத, வீடு கட்டாத மக்களின் நிலம் யாருமற்ற நிலமாகவே பார்க்கப்பட்டது. ஐக்கிய அரபு அமீரக அரச குடும்பத்தாரின் வேட்டைக்காக இந்தப் பள்ளத்தாக்கைக் குத்தகைக்கு விடும் திட்டம்கூட வந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2007-ல் அது கைவிடப்பட்டது.

திருப்பம் 2011-ல் வந்தது. தான்சானியாவின் 1999-ம் ஆண்டு கிராம நிலச் சட்டம், வழக்காற்று நில உரிமைச் சான்றுக்கு இடமளிக்கிறது. தனி ஆளுக்கு வழங்கப்பட்டுவந்த அந்தச் சான்றை ஒரு சமூகம் முழுவதற்கும் பெறலாம் என்ற வழியை ‘உஜாமா கம்யூனிட்டி ரிசோர்ஸ் டீம்’ என்ற அமைப்பு திறந்தது. ஹட்சா மக்களுக்கு 20,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் கூட்டுரிமையாக எழுதப்பட்டது. இந்தப் பணிக்காகவே அவ்வமைப்பின் எட்வர்ட் லூரே 2016-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு பெற்றார். காட்டைக் காப்பதற்குக் கிடைக்கும் ‘கார்பன் பணம்’ பற்றிய பேச்சு எதுவானாலும் இந்தச் சான்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிலம் யாருடையது என்பது எழுத்தில் இல்லாத இடத்தில், காட்டின் பெயரில் வரும் காசு காட்டில் வாழ்பவரிடம் போய்ச் சேராது.

அந்த நிலத்தின் மேல்தான் ‘கார்பன் தான்சானியா’ நிறுவனம் கார்பன் கிரெடிட் திட்டத்தைக் கட்டியது. கணக்கு இதுதான்: தலையிடாமல் விட்டிருந்தால் ஆண்டுக்கு எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்று சுற்றுவட்டார அழிவை வைத்து மதிப்பிடுகிறார்கள். உண்மையில் எவ்வளவு அழிந்தது என்பதைச் செயற்கைக்கோள் படங்களும் காவலர்களின் ரோந்தும் சொல்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், காற்றில் கலக்காமல் மரத்திலும் மண்ணிலும் தங்கிவிட்ட கரியமில வாயு. ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட். எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பிளான் விவோ’ இதற்குச் சான்றளிக்கிறது. விற்ற பணத்தில் குறைந்தது 60 சதவீதம் மக்களுக்குப் போக வேண்டும் என்பது அதன் விதி. அந்தப் பணத்தில் ஹட்சா இளைஞர்கள் காட்டுக் காவலர்களாகச் சம்பளம் பெறுகிறார்கள். மருத்துவச் செலவும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் நடக்கின்றன. எதற்கு எவ்வளவு என்பதைக் கிராமக் கூட்டம் தீர்மானிக்கிறது.

வாங்குபவர்களில் சஃபாரி நிறுவனங்களும் உண்டு. செரெங்கெட்டிக்கும் கோரோங்கோரோவுக்கும் பயணிகளை அழைத்துவரும் இந்நிறுவனங்கள், ஜீப்பின் டீசலுக்கும் சில வேளைகளில் விருந்தினரின் விமானப் பயணத்துக்கும் ஈடாகக் கிரெடிட் வாங்குகின்றன. ஐரோப்பாவிலிருந்து கிளிமஞ்சாரோ வந்து திரும்பும் ஒருவரின் பங்குக்கு வெளியாகும் கரியமில வாயு ஏறத்தாழ ஒன்றரை டன். உலகப் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவால் வருகிறது என்று 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சிங்கத்தையும் யானையையும் பார்க்க வருபவர், அதே வட்டாரத்தின் காட்டுக்குப் பணம் தருவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் விமானம் விட்ட புகை அப்படியேதான் இருக்கிறது. கிரெடிட் வாங்கியதால் அது மறைந்துவிட்டது என்று சொல்வது தவறு. வெப்பமண்டலக் காடுகளின் பெயரில் விற்கப்பட்ட கிரெடிட்டுகளில் பெரும்பகுதிக்கு உண்மையான பலன் இல்லை என்று 2023-ல் கார்டியன், டீ சைட் உள்ளிட்ட ஊடகங்களின் கூட்டு விசாரணை கூறியது. கோளாறு பெரும்பாலும் முதல் மதிப்பீட்டில்தான்: ‘இவ்வளவு அழிந்திருக்கும்’ என்று கூட்டிச் சொன்னால் கிரெடிட்டும் கூடும். இங்கே வெட்டாதவர் அடுத்த மலையில் வெட்டினாலும், பத்தாண்டு காத்த காடு ஒரு கோடைத் தீயில் போனாலும் கணக்கு உடையும். தீ போன்ற இழப்புக்காகவே ஒரு பங்கு கிரெடிட்டை விற்காமல் இருப்பில் வைக்கிறார்கள். ஈசிஜெட் விமான நிறுவனம், பயணிகளின் விமானப் புகைக்கு ஈடாகக் கிரெடிட் வாங்கும் திட்டத்தை 2022-ல் கைவிட்டது. கேஎல்எம் விமான நிறுவனத்தின் பசுமை விளம்பரங்கள் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தின என்று 2024-ல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சுற்றுலாவை மட்டுமே நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2019-ல் 15 லட்சம் வெளிநாட்டவர் வந்த தான்சானியாவுக்கு, கொரோனா கண்ட 2020-ல் சுமார் 6 லட்சம் பேரே வந்தார்கள். காவலர் சம்பளம் மாதாமாதம் வேண்டும். சுற்றுலாவோ ஒரு நோயில் நின்றுவிடும். பயணத் துறைக்கு வெளியேயும் வாங்குபவர்கள் இருப்பது திட்டத்துக்கு அவசியம்.

ஹட்சா மக்களின் முயற்சிக்கு 2019-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. திட்டப்பரப்பு பின்னர் 1,10,000 ஹெக்டேரைத் தாண்டியது. ஒருகாலத்தில் மாடுகளோடு வந்து ஹட்சாக்களோடு மோதிய தத்தோகா மேய்ப்பர்களும் இப்போது அதில் பங்காளிகள். மழைக்காலத்தில் எங்கே மேய்ப்பது, கோடைக்கு எந்தப் புல்வெளியை விட்டுவைப்பது, எந்த இடத்தில் உழக்கூடாது என்று கிராமங்கள் தங்கள் நிலத் திட்டத்தில் எழுதி வைத்திருக்கின்றன.