பழைய பெக்கோ யந்திரத்தின் ஹைட்ரோலிக் குழாய்களைப் புதுப்பித்தல்

வாய்க்கால் தூர்ந்தால் வயலுக்கு நீர் பிந்தும். வடிகால் அடைபட்டால் தோட்டத்து வெங்காயமும் மிளகாயும் வேரழுகும். ஆகவே, பெரும்போக மழை தொடங்குமுன் வாய்க்கால், வடிகால், வரம்பு ஆகியவற்றைச் சீர்செய்து முடித்தல் கமக்காரரின் முதற் கடமையாகும். முன்னர் பலர் கூடி மண்வெட்டி கொண்டு பல நாட்களிற் செய்த இவ்வேலையை, உழவு யந்திரத்தின் பின்புறத்திற் பூட்டப்பட்ட பெக்கோ சில மணித்தியாலங்களிற் செய்து முடிக்கின்றது.

இங்கிலாந்தைச் சேர்ந்த யோசேப் சிறில் பம்போட் என்பவர் 1953 ஆம் ஆண்டில் உழவு யந்திரத்தின் பின்னே தோண்டுங் கையைப் பூட்டிய யந்திரத்தை வெளியிட்டார். அவருடைய பெயரின் முதலெழுத்துக்களே இன்று கிராமங்களில் எல்லாப் பெக்கோக்களுக்கும் பொதுப்பெயராய் வழங்கும் ‘ஜேசிபி’ என்பதாகும். இவ்வகையிலமைந்த பழைய யந்திரங்களின் இரும்புப் பாகங்கள் நெடுங்காலம் உழைக்கக் கூடியவை. அவற்றின் இறப்பர்க் குழாய்களோ அவ்வாறு உழைப்பதில்லை. வெயிலும் வெப்பமும் உராய்வும் அவற்றை ஆண்டுதோறும் நலிவிக்கின்றன. வேலை மும்முரமான நாளிற் குழாய் வெடித்தால் வேலை நின்றுபோவதோடு, ஆட்களுக்கு அங்கவீனமோ உயிர்ச்சேதமோ நேரவுங்கூடும். எனவே, குழாய் வெடிக்குமுன் அதனை மாற்றும் முறையைக் கமக்காரரும் சாரதிமாரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

எண்ணெயின் வலிமை

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் ஏற்படுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதை 17 ஆம் நூற்றாண்டிற் பிரான்சிய அறிஞர் பஸ்கால் எடுத்துக்காட்டினார். பெக்கோவின் கை அசைவது இவ்விதியினாலேயே. பம்பி எண்ணெயைத் தள்ளுகின்றது. நெம்புகோல்களின் கீழுள்ள வால்வு அதனை வேண்டிய குழாய்க்குத் திருப்புகின்றது. குழாய் அதனைச் சிலிண்டருக்குக் கொண்டு செல்கின்றது. பழைய பெக்கோக்கள் பலவற்றில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2,000 இறாத்தல் அளவில் அல்லது அதற்கு மேலும் இருக்கும். உள்விட்டம் 3 அங்குலமுள்ள சிலிண்டரில் அவ்வழுத்தம் ஏறத்தாழ 14,000 இறாத்தல், அதாவது 6 தொன்னுக்கு மேற்பட்ட விசையைப் பிறப்பிக்கும்.

இங்கே முக்கியமாக நினைவிற் கொள்ள வேண்டிய விடயம் ஒன்றுண்டு. யந்திரத்தை நிறுத்தியவுடன் இவ்வழுத்தம் நீங்கிவிடுவதில்லை. உயர்த்தி வைத்த கை கீழே விழாது நிற்பது, வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையில் எண்ணெய் அடைபட்டிருப்பதனாலேயே. ஓசையற்று நிற்கும் யந்திரத்தின் குழாயிலும் கையின் பாரம் முழுவதும் தங்கியிருக்கலாம். அந்நிலையிற் குழாயின் நட்டைத் தளர்த்துபவர் எண்ணெய்ப் பாய்ச்சலுக்கும், விழும் கைக்கும் ஒருங்கே இலக்காவார். குழாய் வெடித்தாற் கையைத் தாங்கிப்பிடிக்கும் பாதுகாப்பு வால்வுகள் பழைய யந்திரங்களிற் பெரும்பாலும் இல்லை. எனவே, உயர்த்திய கையின் கீழோ வாளியின் கீழோ எவரும் எக்காலத்திலும் நிற்றலாகாது.

மாற்ற வேண்டிய குழாயின் அறிகுறிகள்

வாரத்துக்கு ஒரு முறையேனும், யந்திரத்தை நிறுத்தி வாளியை நிலத்தில் வைத்த பின்னர், குழாய்களைத் துடைத்துப் பார்த்தல் வேண்டும். பின்வரும் குறிகளுள் ஒன்று காணப்படினும் அக்குழாயை மாற்றுதல் வேண்டும்:

1. மேலிறப்பர் வெடித்து அல்லது தேய்ந்து உட்கம்பிப் பின்னல் தெரிதல். கம்பியிற் துரு காணப்படுதல்.
2. குழாயில் எங்கேனும் கொப்புளம் போல வீக்கம் உண்டாதல்.
3. குழாய் விறைத்து, வளைக்கும்போது வெடிப்புக் காட்டுதல்.
4. முனைப்பூட்டின் அருகில் எண்ணெய் கசிந்து தூசு படிந்திருத்தல்.
5. குழாய் நசுங்கியோ, மடிந்தோ, முறுகியோ இருத்தல்.

கை பக்கத்துக்குப் பக்கம் திரும்பும் மூட்டிலும், கையின் நடு மூட்டிலும் உள்ள குழாய்களே அதிகம் வளைவன; ஆதலின் அவற்றை முதலிற் பார்க்க வேண்டும். ஒரே காலத்திற் பூட்டிய குழாய்களுள் ஒன்று முதுமையினால் வெடித்தால் மற்றையவையும் அந்நிலையை அணுகியுள்ளன என்று கொள்க. எல்லாவற்றையும் ஒருமிக்க மாற்ற வசதியில்லாதவர், அதிகம் வளையும் குழாய்களை இவ்வாண்டிலும் ஏனையவற்றை அடுத்த போகத்துக்கு முன்னரும் மாற்றலாம்.

வெடித்த இடத்தை வெட்டி, இரும்புக் குழாய்த் துண்டைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நீர்க்குழாய்க்கு இது பொருந்தும். அழுத்தமுள்ள எண்ணெய்க் குழாய்க்கு இது சிறிதும் பொருந்தாது. செருகிய துண்டு துப்பாக்கிக் குண்டு போற் பாயக்கூடும்.

ஊசித் துளையின் ஆபத்து

குழாயில் ஊசிமுனையளவு துளை விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரையாகப் பாயும். அத்தாரை தோலையும் கையுறையையும் துளைத்துச் சதையினுட் புகும். ஆகவே, கசிவு எங்கே என்று விரலாலோ உள்ளங்கையாலோ தடவிப் பார்த்தல் கூடவே கூடாது. நீண்ட தடியின் நுனியிற் கட்டிய காகித மட்டையைக் குழாயின் அருகே பிடித்துச் செல்லுக. எண்ணெய் பாயுமிடத்தில் மட்டை நனையும்.

எண்ணெய் உட்புகுந்த காயம் தொடக்கத்தில் முள் குத்தியது போலச் சிறிதாகத் தோன்றும், வலியும் குறைவாயிருக்கும். சில மணித்தியாலங்களின் பின்னரே கை வீங்கி, உள்ளே சதை அழியத் தொடங்கும். காலம் தாழ்த்தியவர்கள் விரலையோ கையையோ இழக்க நேரிடும். எனவே, வலி இல்லையென்று வாளாவிருத்தலும், காயத்தைப் பிசைதலும், ஒத்தடம் கொடுத்தலும், மருந்தெண்ணெய் பூசுதலும் தவறு. உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைப் பெற்றோ, கிடைத்த வாகனத்தில் ஏறியோ சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்குச் செல்க. உயர் அழுத்தத்தில் எண்ணெய் உட்புகுந்ததென்பதையும் எண்ணெயின் பெயரையும் வைத்தியரிடம் தவறாது கூறுக.

அழுத்தத்தை நீக்குதல்

1. யந்திரத்தைச் சமமான, உறுதியான நிலத்தில் நிறுத்தி, கைத்தடையை இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும்.
2. கை, வாளி, முன்வாளி, இரு பக்க ஊன்றுகால்கள் யாவற்றையும் நிலத்திற் பதியுமாறு இறக்கவும்.
3. யந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்து, வேலை செய்பவரே அதனை வைத்துக்கொள்ளவும்.
4. நெம்புகோல்கள் ஒவ்வொன்றையும், பக்கம் திருப்பும் நெம்புகோல் உட்பட, இரு திசைகளிலும் பல முறை அசைக்கவும். அடைபட்ட அழுத்தம் இதனால் நீங்கும்.
5. எண்ணெய் ஆறும்வரை பொறுத்திருந்து, தாங்கியின் மூடியை மெதுவாகத் திறக்கவும். வேலை செய்து வந்த உடன் எண்ணெய் தோலைச் சுடும் வெப்பத்தில் இருக்கும்.

குழாயைக் கழற்றுதல்

எண்ணெய்த் தொகுதிக்கு மண்ணும் தூசும் பெரும் பகை. ஆதலின், பூட்டுக்களைச் சுற்றியுள்ள அழுக்கைக் கம்பித் தூரிகையாலும் துணியாலும் முதலில் நீக்குக. குழாய் செல்லும் வழியைத் தொலைபேசியாற் படம் எடுத்து, இரு முனைகளிலும் அடையாளத் துண்டு கட்டுக. குழாய்கள் இடம் மாறினால் நெம்புகோலின் போக்கும் மாறும். கையை உயர்த்த முயலும் சாரதி அதனைத் தாழ்த்திவிடுவார்.

கண்ணாடி அணிந்து, பூட்டின் நேரே நில்லாது பக்கத்தில் நின்று, துணியால் மூடியபடி நட்டை முதலில் அரைச் சுற்று மாத்திரம் தளர்த்துக. எண்ணெய் சீறினால் அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு ஸ்பனரால் நட்டைத் திருப்பும்போது, மற்றொரு ஸ்பனரால் அது பூட்டப்பட்ட பாகத்தைப் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். இல்லாவிடின் உருக்குக் குழாய் முறுகி உடையும். வடியும் எண்ணெயைத் தட்டத்தில் ஏந்துக. திறந்த வாய்களைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடிகளால் அடைக்குக. கந்தைத் துணியால் அடைத்தால் அதன் நூல்கள் வால்வினுட் சென்று தங்கும்.

புதிய குழாயைத் தெரிதல்

பழைய குழாயை இரு முனைகளோடும் கடைக்கு எடுத்துச் செல்லுதலே சிறந்தது. அங்கு நான்கு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, உள்விட்டம். குழாயின் இலக்கம் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளைக் குறிக்கும். 6 எனில் ⅜ அங்குலம்; 8 எனில் ½ அங்குலம். வெளிவிட்டத்தைக் கொண்டு குழாயை மதித்தல் தவறு.

இரண்டாவது, அழுத்த வகுப்பு. ஆர்1 வகுப்புக் குழாயில் ஒரு கம்பிப் பின்னலும், ஆர்2 வகுப்புக் குழாயில் இரு பின்னல்களும் உண்டு. ½ அங்குலக் குழாயாயின், முந்தியதன் வேலையழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2,000 இறாத்தல். பிந்தியது ஏறத்தாழ 3,500 இறாத்தல். வெடிக்கும் அழுத்தம் இதனைப்போல் நான்கு மடங்கு என்று கூறி, மலிவான குழாயை விற்க முற்படுவோர் உளர். அந்த நான்கு மடங்கு, வாளி கல்லில் மோதும்போது தோன்றும் திடீர் அதிர்ச்சியைத் தாங்குவதற்கு உரியது. ஆதலின், வேலையழுத்தத்தையே நோக்கித் தெரிக. பம்பிக்கு எண்ணெயை உறிஞ்சும் குழாய்க்கு, உறிஞ்சலால் தட்டையாகாத, உள்ளே சுருட் கம்பியுள்ள குழாயையே வாங்குதல் வேண்டும்.

மூன்றாவது, முனைப்பூட்டின் புரி. பிரித்தானிய யந்திரங்களிற் பிரித்தானியக் குழாய்ப்புரியும், அமெரிக்க யந்திரங்களில் அமெரிக்கப் புரிகளும் பெரும்பாலும் காணப்படும். ½ அங்குல அளவில் இரு நாட்டுக் குழாய்ப்புரிகளுக்கும் அங்குலத்துக்கு 14 புரிகளே உண்டு. ஆனால், புரியின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60 பாகை. ஒன்றினுள் மற்றொன்று சில சுற்றுக்கள் ஏறிப் பொருந்தியது போலத் தோன்றி, அழுத்தம் வந்தவுடன் கசியும். கையாற் சுற்றும்போது தாராளமாக ஏறாத நட்டை ஸ்பனரால் வலிந்து ஏற்றுதல் கூடாது.

நான்காவது, நீளம். அழுத்தம் ஏறும்போது குழாய் நூற்றுக்கு 4 பங்கு வரை குறுகக்கூடும். ஆதலின் இழுத்துக் கட்டிய நிலையில் அமையாது சற்றுத் தளர்வு இருத்தல் வேண்டும். பழுதில்லாத பழைய நீளமே தக்க அளவு. மிக நீண்டதும் தீது. அது மூட்டில் அகப்பட்டு நசியும்.

முனைப்பூட்டை அமுக்கும் வேலையைத் தக்க யந்திரமுள்ள கடையிலேயே செய்விக்க வேண்டும். வெட்டிய பின்னர் குழாயினுள் இறப்பர்த் தூளும் இரும்புத் தூளும் தங்கியிருக்கும். காற்று ஊதிச் சுத்தஞ் செய்து, முனைகளை மூடித் தருமாறு கேட்குக.

பூட்டுதல்

குழாயின் மேல் நீளமாக அச்சிடப்பட்ட கோடு நேராக இருந்தால் குழாய் முறுகவில்லை என்பது தெளிவு. கோடு சுற்றிச் சென்றால் கழற்றி நேராக்குக. முறுகிய குழாய் விரைவிற் கெடும். ½ அங்குலக் குழாயை 7 அங்குல ஆரைக்குக் குறைவாக வளைத்தலாகாது. முனைப்பூட்டின் வாயிலேயே வளைவு தொடங்கவுங் கூடாது. முன்பிருந்த வழியிலேயே குழாயைச் செலுத்தி, பிடிகளை மீண்டும் பூட்டி, கூரிய விளிம்பில் உராயுமிடத்துக்கு உறை இடுக. இரு முனைகளையும் கையால் ஏற்றிய பின்னரே இறுக்குதல் வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் முனையின் கூம்பு வெடிக்கும்.

காற்றை நீக்கிப் பரீட்சித்தல்

கைநூலிற் கூறப்பட்ட வகை எண்ணெயையே தாங்கியில் நிரப்புக. யந்திரத்தை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, பாரமின்றி ஒவ்வொரு சிலிண்டரையும் முழுத் தூரத்துக்கு மெதுவாகப் பல முறை இயக்குக. உள்ளே புகுந்த காற்று இவ்வாறு தாங்கி வழியாக வெளியேறும். அப்போது எவரும் அருகில் நிற்றலாகாது. எண்ணெய் தொடர்ந்து நுரைத்தால் உறிஞ்சு குழாயிற் காற்றுப் புகுகின்றதென அறிக. பின்னர் யந்திரத்தை நிறுத்தி, எண்ணெய் மட்டத்தைச் சரிபார்த்து, கசிவை மட்டையாற் சோதிக்குக. முதல் நாள் வேலை முடிந்ததும், மீண்டும் அழுத்தத்தை நீக்கி, நட்டுக்களைச் சோதித்தல் நலம்.

கழிவெண்ணெய்

சிந்திய எண்ணெயின் மேல் மரத்தூளோ உலர்ந்த மண்ணோ இட்டு வாரி எடுக்குக. வடித்த எண்ணெயை மூடியுள்ள கலனில் இட்டு, கழிவெண்ணெய் சேகரிப்போரிடம் கொடுக்குக. வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றுதல் பெருந்தீங்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், மேலே ஊற்றியது வெடிப்புக்களின் வழியே விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். குடிநீருக்கும் பயிருக்கும் அந்நீரே ஆதாரம்.

குழாய் மாற்றிய திகதியை ஒரு கொப்பியிற் குறித்து வைப்பவர், அடுத்த முறை எதனை எப்போது மாற்ற வேண்டுமென்பதை எளிதில் அறிவார். மழை தொடங்குமுன் ஒரு நாளை இவ்வேலைக்கு ஒதுக்குக. எவ்வளவு அவசரமாயினும், வாளி நிலத்தில் இருக்கின்றதா, நெம்புகோல்கள் அசைக்கப்பட்டனவா என்று பார்த்த பின்னரே ஸ்பனரைக் கையில் எடுக்குக.