அத்திவாரத்தில் தொடங்கும் கடன்

எண்பது பக்கப் பாடசாலைக் கொப்பி ஒன்று. மேலட்டையில் மகளின் பெயரும் 'கணிதம்' என்ற சொல்லும். முதல் ஆறு பக்கங்களில் பின்னக் கணக்கு. ஏழாம் பக்கத்திலிருந்து தாயின் கையெழுத்து: சீமெந்து, மணல், கம்பி, மேசன் கூலி, தேத்தண்ணிச் சாமான். கண்டாவளைப் பக்கத்துக் கிராமமொன்றில் தன் முதலாவது கல்வீட்டைக் கட்டிய ஓர் அக்கா எழுதி வைத்த கணக்கு அது. "பேரை எழுத வேண்டாம் பிள்ளை, கணக்கை எழுதுங்கோ. நாலு பேருக்கு உதவும்" என்று சொல்லித்தான் என்னிடம் தந்தார்.

அவர் பிறந்தது மண்வீட்டில். கலியாணம் முடித்து வாழ்ந்தது கிடுகு வேய்ந்த கொட்டிலில். 2009 இற்குப் பிறகு முகாமில் கூடாரம், மீளக்குடியேறியபோது தறப்பாள், அதன் பின் தகரக் கொட்டில். கணவர் 2009 மே மாதத்திலிருந்து இல்லை. எங்கே என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளுடன் இருந்தவருக்கு 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது.

உங்களில் பலர் அந்தத் திட்டத்தில் கட்டியவர்கள்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2012 ஒக்ரோபரில் அதன் பெரும் பகுதி தொடங்கியது. புது வீட்டுக்கு 550,000 ரூபா. வீட்டின் அளவு சுமார் 550 சதுர அடி. காசை ஒரே முறையில் தர மாட்டார்கள். ஒரு கட்ட வேலை முடிந்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை வங்கிக்கு வரும். கட்டுவிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

கொப்பியின் இரண்டாம் நாள் கணக்கிலேயே விசயம் மாறிவிடுகிறது. நூல் கட்டி அத்திவாரம் வெட்ட வந்த மேசன், "அக்கா, இன்னும் ஓர் அறை சேர்த்துப் போடுவம். பிறகு உடைச்சுக் கட்டுறது வீண் செலவு" என்றாராம். பக்கத்துக் காணிக்காரரும் ஆமென்றார். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்போகும் வீடு, இரண்டு அறையோடு யார் கேட்பார்கள் என்பது தாயின் மனதிலும் இருந்தது. 550 சதுர அடி 730 ஆகியது.

அங்கேதான் தவணை முறை அவரைப் பிடித்தது. பெரிய அத்திவாரம் முதற் தவணையை முழுவதுமாக விழுங்கிவிட்டது. சுவர் உரிய உயரத்துக்கு வரவில்லை. வராவிட்டால் அடுத்த தவணை இல்லை. தவணையை எடுப்பதற்காகவே கடன் எடுக்க வேண்டியதாயிற்று. முதலில் வங்கியில் நகை அடைவு, 90,000. பிறகு கழிவோடு எடுத்த சீட்டு, 60,000. தமையன் கொடுத்தது 32,000. கூரைக்கு வந்தபோது வீட்டு வாசலுக்கே வந்து தருகிற கிழமைக் கடன் இரண்டு, நாற்பது நாற்பதாக 80,000. எல்லாமாக 262,000. வீடு முடிந்தபோது செலவு 812,000 ரூபா.

அவரும் நானும் திண்ணையில் இருந்து இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். சதுர அடிக்கு அவருக்கு முடிந்தது ஏறத்தாழ 1,112 ரூபா. 550 சதுர அடியோடு நின்றிருந்தாலும் 612,000 வரை போயிருக்கும். அதாவது, சொன்ன அளவில் கட்டியிருந்தாலும் அறுபதாயிரம் குறைந்திருக்கும். இது அவருடைய பிழை அல்ல. ஒரே காலத்தில் ஊர் முழுக்க வீடு கட்டினால் மேசனுக்கும் மணலுக்கும் தட்டுப்பாடு வந்து விலை ஏறத்தான் செய்யும். ஆனால் அந்த அறுபதாயிரம் நகையோடு முடிந்திருக்கும். சீட்டையும் கிழமைக் கடனையும் கொண்டுவந்தது அந்த மூன்றாவது அறை.

இதை இப்போது இலகுவாகச் சொல்கிறேன். அப்போது எனக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து 2013 இல் வேலைக்கு வந்த புதிது. 'சிக்கனமும் சேமிப்பும்' என்று மாதர் சங்கக் கட்டடத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தேன். தேங்காய்ப் பாலை எப்படி மிச்சம் பிடிப்பது, முருங்கை இலையை எப்படிச் சேர்ப்பது, விறகை எப்படிக் குறைப்பது என்று கடதாசி ஒட்டி விளங்கப்படுத்தினேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழும்பி, "பிள்ளை, நாங்கள் ஒரு நேரம் கஞ்சி குடிச்சுத்தான் சீமெந்து வாங்குறம். இதுக்கு மேல எதைக் குறைக்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெண்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் நேரே குசினிக்குத்தான் போகிறார்கள். நானும் போனேன். வீடு கட்டும் காலத்தில் குசினியில் மிச்சம் பிடிப்பது நூறு, இருநூறு. அதுவும் பிள்ளைகளின் வயிற்றிலிருந்து எடுப்பது. அத்திவாரத்தில் ஒரு நூல் தள்ளிக் கட்டினால் போவது ஒன்றரை இரண்டு இலட்சம். அந்த நூல் கட்டுகிற நேரத்தில் பெண்ணிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அங்கே ஆண்கள் பேசுகிறார்கள், அவர் தேத்தண்ணி ஊற்றுகிறார்.

அதே கிராமத்தில் இன்னொரு சகோதரி. வயதில் இளையவர், வாய்க்காரி என்று ஊரில் பெயர். அவர் மேசனைக் கூப்பிடுவதற்கு முன்பே, கயிறும் தடியும் கொண்டு முற்றத்தில் அறைகளை அளந்து, பாயைப் போட்டுப் படுத்துப் பார்த்தாராம். கட்டில் எங்கே, அடுப்பு எங்கே என்று பார்த்தபின் 550 போதும் என்று முடிவெடுத்தார். பின்னால் ஓர் அறை சேர்க்கலாம் என்று அந்தப் பக்கச் சுவரில் கதவு வைக்கிற அளவுக்கு இடம் விட்டு, அதைக் கல்லால் அடைத்துவிட்டார். மேசனோடு நாட்கூலி பேசவில்லை. அத்திவாரம் இவ்வளவு, சுவர் இவ்வளவு, கூரை இவ்வளவு என்று கட்டத்துக்குக் கட்டம் பேசி, ஒரு கடதாசியில் இருவரும் கையெழுத்து. முற்பணம் கொஞ்சம், மிச்சம் வேலை முடிய. மேசனுக்குக் கோபம்தான். ஆனால் வேலையை விட்டுப் போகவில்லை.

ஐந்து குடும்பங்கள் சேர்ந்து மணல் எடுப்பித்தார்கள். கல்லரிவதை மாறி மாறி ஒருவர் வளவில் மற்றவர் செய்தார்கள். சீமெந்தை மொத்தமாக வாங்கவில்லை. மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதம் கிடந்தால் கட்டிபட்டுப் போகும், அந்தப் பைகளின் காசு மண்ணுக்குத்தான். ஒக்ரோபர் மழைக்கு முன் கூரை ஏற வேண்டும் என்று கணக்கு வைத்து, பூச்சையும் நிலத்தையும் பின்னுக்குத் தள்ளினார். கதவு யன்னல் பழையவை, யாழ்ப்பாணத்தில் உடைத்த வீடொன்றிலிருந்து வந்தவை. செங்கல் கிடைக்கும் இடங்களில் கல்லைச் சாய்த்து நிறுத்தி நடுவில் வெளி விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' முறையும் உண்டு. கல் ஏறத்தாழ காற்பங்கு மிச்சம், வீட்டுக்குள் வெக்கையும் குறைவு. ஆனால் அது தெரிந்த மேசன் வேண்டும். அவருக்குக் கிடைக்கவில்லை.

இவருக்கும் கடன் இருந்தது. நகை அடைவில் போனது. கிழமைக் கடன் மட்டும் இல்லை.

நமது அக்கா அந்த இரண்டு கிழமைக் கடனைக் கட்ட மூன்றாவதையும் எடுத்தார். அறவிட வருகிறவர்கள் மாலையானாலும் படலையை விட்டுப் போக மாட்டார்கள். ஆண் துணையில்லாத வீட்டு வாசலில் இருட்டும் வரை மோட்டார் சைக்கிள் நின்றால் ஊர் என்ன கதைக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோழி வளர்த்து, முட்டை விற்று, 2017 இல் கட்டி முடித்தார். அடுத்த ஆண்டு, 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமற் போன, ஓர் இலட்சத்துக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. "நான் முட்டை வித்துக் கட்டினது பிழையாப் போச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2022 இன் நெருக்கடியில் சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தாண்டியது. அதற்கு முந்திய ஆண்டில் அது ஆயிரத்தை ஒட்டி இருந்தது. அந்த நேரம் அரைச் சுவரோடு நின்ற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். இன்னும் நிற்கின்றன. அவற்றில் குடியிருக்கும் பெண்கள் என்னிடம் கேட்பது, "மிச்சத்தைக் கட்ட எங்கே கடன் எடுக்கலாம்?" என்றுதான். நான் இப்போது முதலில் கேட்பது: எந்த அறைக்குக் கூரை இருந்தால் இந்த மழைக்குள் பிள்ளைகள் நனையாமல் படுக்கலாம்? அதை மட்டும் முடிக்க எவ்வளவு? அந்தத் தொகைக்கு முதலில் கூட்டுறவுச் சிக்கனச் சங்கத்தில் கேளுங்கள். கிழமைக்குக் கிழமை அறவிடுவது என்றால், மழை பெய்து கூலிவேலை இல்லாத கிழமையில் எதைக் கட்டுவீர்கள் என்பதைக் கையெழுத்து வைக்க முன் எழுதிப் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணியென்றால், பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் பார்த்த பிறகு அத்திவாரத்தை வெட்டுங்கள். கணவரின் பெயரிலுள்ள காணியில் தன் நகையைப் போட்டுக் கட்டிவிட்டுப் பின்னால் அலைகிற பெண்களை எனக்குத் தெரியும்.

போன மாதம் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் படிக்கிறாள். மூன்றாவது அறைக்கு இன்னும் நிலம் போடவில்லை, பூச்சும் இல்லை. அதற்குள் கோழிகள் படுக்கின்றன. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார்: 'அறை நிலம், சீமெந்து 6 பை'. விலை எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்.