டேங்க் பழசு, மூளை புதுசு: டுகாட்டி டியாவெல் குரோமோ

என் லேப்டாப்பில் வால்பேப்பராக ஒரு மோட்டார் சைக்கிள் படத்தை வைத்திருக்கிறேன். எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் பிரிண்டரை இணைக்க வேண்டும் என்று உதவி கேட்டு வந்தார். திரையைப் பார்த்ததும் அப்படியே நின்று விட்டார்.

“என்ன தம்பி, ஜாவாவா? டேங்க்ல குரோமியம் இப்படி மின்னுதே!”

எங்கள் தொழிலில் ஜாவா என்றால் அது ஒரு புரோகிராமிங் மொழி. அவர் இளமையில் ஓட்டிய, மைசூரில் தயாரான ஜாவா மோட்டார் சைக்கிளைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின.

“இல்ல சார், இது இத்தாலி வண்டி. டுகாட்டி டியாவெல் குரோமோ. 2012 மாடல், ஸ்பெஷல் எடிஷன். பார்க்கத்தான் பழைய வண்டி மாதிரி. உள்ளே முழுக்க கம்ப்யூட்டர்” என்றேன்.

“கம்ப்யூட்டரா? மானிட்டர், கீபோர்டு எல்லாம் எங்கே?”

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் மனதிலும் உள்ள கேள்விதான் இது. மேஜை மீது இருப்பது மட்டும்தான் கம்ப்யூட்டர் என்று நினைக்கிறோம். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இத்தாலியின் பொலோனியா நகரில் உள்ள டுகாட்டி நிறுவனம், 2010 நவம்பரில் மிலான் கண்காட்சியில் டியாவெல் வண்டியை அறிமுகம் செய்தது. பொலோனியா வட்டார வழக்கில் டியாவெல் என்றால் சாத்தான். 1198 சிசி, இரண்டு சிலிண்டர், 162 குதிரைத் திறன். பின் டயரின் அகலம் மட்டும் 240 மில்லி மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி மூன்று நொடிக்குள் நூறு கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டு விடும். குரோமோ என்பது இதே வண்டிதான். டேங்கின் இரு பக்கமும் அந்தக் கால வண்டிகளைப் போல குரோமியம் பூசி, மற்ற இடத்தைக் கருப்பாக விட்டிருக்கிறார்கள். எனக்கு டியாவெல் வரிசையிலேயே இதுதான் பிடிக்கும்.

இப்போது ஆக்ஸிலரேட்டருக்கு வருவோம். சாரின் ஜாவாவில் கைப்பிடியைத் திருகினால் ஒரு கேபிள் இழுபடும். அந்தக் கேபிள் கார்புரேட்டருக்குள் உள்ள துவாரத்தைத் திறக்கும். கை எவ்வளவு திருகியதோ அவ்வளவு திறக்கும். நடுவில் யாரும் இல்லை.

டியாவெலில் கைப்பிடிக்கும் இன்ஜினுக்குக் காற்றை அனுப்பும் வால்வுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நீங்கள் எவ்வளவு திருகினீர்கள் என்பதை ஒரு சென்சார் அளந்து, கம்ப்யூட்டருக்கு ஒரு எண்ணாகச் சொல்கிறது. இன்ஜின் சுழலும் வேகம் போன்ற மற்ற தகவல்களையும் பார்த்த பிறகு, வால்வை எவ்வளவு திறப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஒரு சிறிய மோட்டார் அதைத் திறக்கிறது. இதற்கு ரைடு பை ஒயர் என்று பெயர்.

உங்கள் மவுஸை நினைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால், திரையில் அம்புக்குறி எவ்வளவு நகர வேண்டும் என்று தீர்மானிப்பது விண்டோஸ். கன்ட்ரோல் பேனலில் மவுஸ் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் அல்லவா? அதே கதைதான். ஆக்ஸிலரேட்டர் என்பது ஒரு இன்புட் சாதனம். நீங்கள் கேட்கிறீர்கள், கொடுப்பது சாப்ட்வேர்.

இந்த இடத்தில் சார் முகம் மாறியது. “சாப்ட்வேர் தப்பா புரிஞ்சுக்கிட்டா?”

இதற்குப் பதில் சொல்ல என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. படிப்பு முடித்து நான் முதலில் சேர்ந்த இடத்தில் வாகனங்களுக்கான சாப்ட்வேர் எழுதும் பிரிவில் போட்டார்கள். ஆக்ஸிலரேட்டர் சென்சாரைப் படிக்கும் புரோகிராம் என் பொறுப்பு. ஒரே வாரத்தில் எழுதி முடித்து, பெருமையோடு டீம் லீடரிடம் காட்டினேன். அவர் புரோகிராமைப் படிக்கவே இல்லை. டெஸ்ட் செய்யும் மேஜைக்குப் போய், சென்சார் ஒயர் ஒன்றை உருவினார். திரையில் இன்ஜின் வேகம் காட்டும் முள் மேலே போய் உச்சியில் நின்றது. ஒயர் அறுந்ததால் வந்த தவறான வோல்டேஜை, முழுதாகத் திருகிய ஆக்ஸிலரேட்டர் என்று என் புரோகிராம் எடுத்துக் கொண்டிருந்தது.

“இந்த வண்டியில உங்க அப்பா உட்கார்ந்திருந்தா?” என்று மட்டும் கேட்டு விட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்காகத்தான் இப்படிப்பட்ட வண்டிகளில் பொதுவாக ஒரே அசைவை இரண்டு சென்சார் தடங்கள் அளக்கின்றன. இரண்டும் வெவ்வேறு வோல்டேஜில் பேசும். ஆனால் கணக்குப் போட்டால் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் கம்ப்யூட்டர் இரண்டையுமே நம்பாது. எச்சரிக்கை விளக்கை எரிய விட்டு, இன்ஜின் சக்தியைக் குறைத்து விடும். மெதுவாக வீடு போய்ச் சேரலாம். எங்கள் வேலையில் பாதி நேரம் இதற்கே போகிறது: வேலை செய்ய வைப்பதற்கு அல்ல, கெட்டுப் போகும்போது எப்படிக் கெட வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு.

சாப்ட்வேர் நடுவில் வந்ததால் கிடைத்த லாபமும் பெரிது. டியாவெலில் மூன்று ரைடிங் மோட்கள் உண்டு. ஸ்போர்ட், டூரிங் இரண்டிலும் 162 குதிரைத் திறன் கிடைக்கும். ஆனால் டூரிங்கில் அது நிதானமாக வரும். அர்பன் மோடில் 100தான். இன்ஜின் அதே இன்ஜின், பெட்ரோலும் அதே பெட்ரோல். லேப்டாப்பில் பேட்டரியைச் சேமிக்கும் மோடுக்கு மாற்றினால் அதே ப்ராசசர் அடங்கி வேலை செய்கிறதே, அது போல. ஓடும்போதே மாற்றலாம், ஆனால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டிருக்க வேண்டும். பாதித் திருகலில் இருக்கும்போது திடீரென்று சக்தி கூடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பின் சக்கரம் முன் சக்கரத்தை விட வேகமாகச் சுற்றினால் சறுக்குகிறது என்று பொருள். அதைக் கண்டு சக்தியைக் குறைப்பது டிராக்‌ஷன் கன்ட்ரோல். எட்டு நிலைகள் உண்டு. மணலோ மழை நீரோ உள்ள ரோட்டில், உங்கள் கை உணரும் முன்பே இது வேலையை முடித்திருக்கும். பிரேக் மட்டும் இன்னும் பழைய வழிதான். லீவரை அழுத்தினால் எண்ணெய் அழுத்தம் நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. சக்கரம் பூட்டிக் கொள்ளும்போது மட்டும் ஏபிஎஸ் கம்ப்யூட்டர் குறுக்கிடும். அது செயலிழந்தாலும் சாதாரண பிரேக் இருக்கும். இதைச் சொன்ன பிறகுதான் சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஏபிஎஸ்ஸுக்கு ஒன்று, டேஷ்போர்டுக்கு ஒன்று என்று இருப்பவை எல்லாம் கேன் எனப்படும் நெட்வொர்க்கில் பேசிக் கொள்கின்றன. ஆபீஸில் லேன் இருப்பது போல. பாஷ் நிறுவனம் 1986ல் கார்களுக்காக வெளியிட்டது இது. முறுக்கிய இரண்டே ஒயர்கள்தான். மானிட்டர் எங்கே என்று கேட்டாரே, அதுவும் உண்டு: ஹேண்டில்பாரில் ஒரு எல்சிடி, டேங்க் மேல் ஒரு கலர் திரை.

சாவி கூட சாதாரணச் சாவி இல்லை. அது பாக்கெட்டில் இருந்தால் போதும், ரேடியோ அலை மூலம் வண்டி அடையாளம் கண்டு கொள்ளும். சாவியின் பேட்டரி தீர்ந்து விட்டால்? நான்கு இலக்க பின் எண் ஒன்றை டேஷ்போர்டில் போட்டுக் கிளப்பலாம். ஆனால் அந்த எண்ணை உரிமையாளர் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். செய்யாதவருக்கு இந்த வழி கிடைக்காது.

“நானும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மறந்தா மீட்கிறதுக்குப் போன் நம்பர் கேட்டப்போ, அப்புறம் பார்க்கலாம்னு விட்டுட்டேனே” என்றார் சார்.

நீங்களும் விட்டிருந்தால், உங்கள் அக்கவுன்ட் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், இன்றே போன் எண்ணோ இன்னொரு இமெயில் முகவரியோ கொடுத்து விடுங்கள். நாங்கள் மாடிக்குப் போய் முதலில் அதைச் செய்தோம். பிறகுதான் பிரிண்டர்.