மூன்று மாதமா, மூன்று வருடமா, காலவரம்பே இல்லையா?

“அப்போதே வந்து சொல்லியிருக்கலாமே, இப்போது வந்து என்ன செய்ய?” பாலியல் கொடுமைப் புகாரோடு காவல் நிலையத்துக்குப் போகிறவர்கள் கேட்டுவிட்டுத் திரும்பும் கேள்வி இது. கேட்கிற அதிகாரி சட்டத்தைப் புரட்டிப் பார்த்துக் கேட்பதில்லை. வந்தவரோ சட்டமே அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுகிறார். இதற்கு நேர் எதிரான தவறும் நிறைய நடக்கிறது. அலுவலகத்தில் மேலதிகாரி தொல்லை கொடுத்திருப்பார். பதவி உயர்வு முடியட்டும், ஆடிட் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, உண்மையாகவே கெடு உள்ள புகாரைக் கெடு தாண்டிய பிறகு கொண்டுவருவார்கள். காலவரம்பு இல்லாத இடத்தில் பயந்து ஒதுங்குகிறோம், இருக்கிற இடத்தில் அசட்டையாக இருக்கிறோம்.

விதி எளிமையானதுதான். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் எத்தனை ஆண்டு சிறை என்று பாருங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் என்றால் காலவரம்பே கிடையாது. ஓராண்டுக்கு மேல் மூன்று ஆண்டு வரை என்றால் மூன்று ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஓராண்டு வரை என்றால் ஓராண்டுக்குள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514ஆம் பிரிவாக இருக்கிறது.

பாலியல் வன்கொடுமைக்குக் காலவரம்பு கிடையாது. நேற்று நடந்திருந்தாலும் இருபது வருடத்துக்கு முன் நடந்திருந்தாலும் கிடையாது. குழந்தையைப் பாலியல் நோக்கத்தோடு தொட்டதற்கே, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைக் காக்கும் போக்சோ சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு என்பதால் அதற்கும் கிடையாது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத் துறையினரும் காவல் துறையினரும் பழங்குடி மக்கள் மீது நடத்திய கொடுமைக்கு 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது, 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அத்தனை தாமதம் வெட்கக்கேடு. ஆனால் நாளாகிவிட்டது என்ற காரணம் குற்றவாளிகளைக் காப்பாற்றவில்லை.

சின்னக் குற்றம் என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் கடிகாரம் ஓடுகிறது. ஆபாசமாகப் பேசியதற்கு ஓராண்டு. பின்தொடர்ந்து தொல்லை செய்ததற்கும், மறைந்திருந்து படம் பிடித்ததற்கும், முதல் முறைக் குற்றமென்றால், மூன்று ஆண்டு. போக்சோவுக்குக் காலவரம்பே இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். குழந்தைக்கு ஆபாசப் படம் காட்டுவது, தவறான நோக்கத்தோடு செய்தி அனுப்புவது போன்றவை அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் வருகின்றன. அதற்கு அதிகபட்சத் தண்டனையே மூன்று ஆண்டுதான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காலவரம்பைக் கிளப்ப அங்கே இடமிருக்கிறது. ஆகவே மூன்று ஆண்டைத் தாண்ட விடாதீர்கள்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது? பொதுவாகக் குற்றம் நடந்த நாளிலிருந்து. குற்றம் நடந்ததே பிறகுதான் தெரிந்தது என்றால் தெரிந்த நாளிலிருந்து. செய்தவர் யாரென்று தெரியாமல் இருந்தால் ஆள் தெரிந்த நாளிலிருந்து. எந்த நாள் வரை? புகார் கொடுத்த நாள் வரை மட்டும்தான். நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க ஐந்து வருடம் இழுத்தாலும் அது உங்கள் குற்றமல்ல என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகவே சொல்லிவிட்டது. கெடு தாண்டியிருந்தாலும், தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் மன்னித்து ஏற்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 519ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

இளவயதில் நடந்ததை வளர்ந்த பிறகு சொல்ல வருகிறவர்களைத்தான் அதிகமாகத் திருப்பி அனுப்புகிறார்கள். “உனக்குத்தான் பதினெட்டு தாண்டிவிட்டதே, இது போக்சோவில் வராது” என்பது அப்பட்டமான தவறு. சம்பவம் நடந்த அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. போக்சோ நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14. அதற்குப் பிறகு நடந்ததென்றால், இன்று உங்களுக்கு முப்பது வயதானாலும் அந்தச் சட்டத்தில்தான் வழக்கு. அதற்கு முன் நடந்ததென்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம். அதில் வன்கொடுமைக்கும், சிறுவர்களுக்கு எதிரான கொடுமைக்குப் பயன்பட்ட 377ஆம் பிரிவுக்கும் காலவரம்பு இல்லை. மானபங்கம் செய்ததற்கான 354ஆம் பிரிவில் மட்டும் 2013 பிப்ரவரி 3 வரை இரண்டே ஆண்டு தண்டனை இருந்தது. அந்தக் காலத்துச் சம்பவத்துக்கு மூன்று ஆண்டுக் கெடு குறுக்கே நிற்கும். அங்கேதான் 519ஐப் பிடித்துப் போராட வேண்டும்.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொண்டுபோங்கள். தேதி நினைவில்லை என்று பலர் தயங்குகிறார்கள். எந்த வகுப்பு படித்தபோது, எந்த வாடகை வீட்டில் இருந்தபோது, எந்தத் திருவிழாவுக்கு அல்லது விடுமுறைக்கு முன் பின் என்று எழுதினால் போதும், கற்பனையாக ஒரு தேதியைப் போட வேண்டாம். பொய்த் தேதி ஒன்று போதும், குறுக்கு விசாரணையில் வழக்கைக் குலைத்துவிடுவார்கள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்குத் தனிப் பத்தி ஒன்று எழுதுங்கள்: மிரட்டினாரா, வீட்டில் வாயை மூடச் சொன்னார்களா, அவர் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்ததா, யாரிடம் முதலில் சொன்னீர்கள். இத்தகைய குற்றங்களில் தாமதம் இயல்பு என்பதை 1996இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் விளக்கம் எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அந்தக் கைபேசியை விற்காதீர்கள், அழித்துப் புதிதாக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. குழந்தை தொடர்பான படமோ வீடியோவோ கையில் இருந்தால் ஆதாரம் என்று நினைத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்புவதே குற்றம். கருவியோடு காவல் துறையிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

அடுத்து, தமிழ்நாட்டில் பலரும் ஏமாறும் இடம்: சி.எஸ்.ஆர். ரசீது. புகாரை வாங்கி, சி.எஸ்.ஆர். எண் போட்டு ஒரு தாள் தருவார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது என்று குடும்பம் நம்பிவிடும். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது, அதற்குள் உறவினர்கள் ‘பேசி முடிக்க’ வந்துவிடுவார்கள். சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. உங்கள் கையில் இருக்க வேண்டியது முதல் தகவல் அறிக்கையின் நகல். அதை உடனே, இலவசமாகத் தர வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் எல்லையில் வராது என்றும் சொல்ல முடியாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அவர்கள்தான் அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வாக்குமூலம் வாங்க வேண்டும். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கவே கூடாது.

மறுத்தால்? அங்கேயே நின்று கெஞ்ச வேண்டாம். அதே புகாரை, எந்த நிலையம், எந்தத் தேதி, யார் மறுத்தார் என்று ஒரு வரி சேர்த்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். மாநகரமென்றால் காவல் துணை ஆணையருக்கு. அஞ்சல் ரசீதையும், சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசைவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் அதே சன்ஹிதாவின் 175ஆம் பிரிவின் கீழ் மனு. அந்த இரண்டு அஞ்சல் துண்டுகள் இல்லாமல் போனால் மனு தள்ளுபடியாகும். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு, பாரதிய நியாய சன்ஹிதா 199ஆம் பிரிவு. இந்தப் பிரிவைப் பயன்படுத்த அரசுகளுக்கு மனம் வருவதில்லை என்பதுதான் வருத்தம்.

வயதுச் சான்றில் இன்னும் கவனம் வேண்டும். பெற்றோர் பள்ளி டி.சி.யை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். மாற்றுச் சான்றிதழை வைத்து வயதை நிரூபிக்க முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கிலேயே 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. விசாரணை அதிகாரி எதை வாங்கினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டி.சி. போதாது.

தண்டனைக்கும் தேதிதான் அளவுகோல். போக்சோவின் கடுமையான பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை 2019 ஆகஸ்ட் வரை பத்து ஆண்டு, அதற்குப் பிறகு இருபது. 2018இல் நடந்த குற்றத்துக்கு இருபது ஆண்டு கேட்க முடியாது, அரசியல் சாசனத்தின் 20ஆம் பிரிவு தடுக்கிறது. அதேபோல, சட்டம் வகுத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே நீதிபதியும் இறங்க முடியாது. சமரசம் ஆகிவிட்டது என்பதற்காகத் தண்டனையைக் குறைப்பதும் வழக்கையே ரத்து செய்வதும் தவறு என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியும், மண்டபத்தில் பேசித் தீர்க்கும் பழக்கம் நம் ஊர்களில் ஓயவில்லை. தண்டனை ஆண்டைக் கூட்டி அறிவிப்பது அரசுகளுக்கு எளிது. விசாரணையை ஓராண்டுக்குள் முடிக்கச் சொல்லும் போக்சோ 35ஆம் பிரிவைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஓடிப்போன வழக்கையும், ஆசிரியர் மாணவியைச் சீரழித்த வழக்கையும் ஒரே தராசில் நிறுக்கும் சட்டம் நியாயமான தண்டனைக்கு உதவாது. சென்னை உயர் நீதிமன்றமே 2021 ஜனவரியில் இப்படியொரு இளவயதுக் காதல் வழக்கை ரத்து செய்தபோது இந்தச் சிக்கலைச் சுட்டியது.

தீர்ப்பு வந்த பிறகு மேல்முறையீட்டுக் கெடுவைக் கோட்டைவிடும் தவறு ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், சிறிய பிரிவில் தண்டிக்கப்பட்டாலும், இழப்பீடு குறைவென்றாலும் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். தண்டனை போதாது என்பதற்காக மட்டும் அவர் மேல்முறையீடு செய்ய முடியாது, அதை அரசுதான் செய்ய வேண்டும். ஆகவே தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். அரசு மேல்முறையீடு செய்யக் கோரி அரசு வழக்கறிஞருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள்தான். செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாளே என்பதால், எல்லா மேல்முறையீட்டுக்கும் அந்த 30 நாளையே மனதில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கடைசியாக, வேலை இடம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தில் புகாருக்கு மூன்று மாதம். மூன்று வருடமல்ல, மூன்று மாதம். தகுந்த காரணம் காட்டினால் இன்னொரு மூன்று மாதம், அதோடு முடிந்தது. மேற்கு வங்கப் பல்கலைக்கழக ஆசிரியை ஒருவர் துணைவேந்தர் மீது கொடுத்த புகார் இந்த எல்லையைத் தாண்டியதால் ஏற்கப்படவில்லை, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. தொல்லை தொடர்ந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணலாம் என்பதால் ஒவ்வொரு சம்பவத்தையும் தேதியோடு எழுதிவையுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடையோ பட்டறையோ என்றாலும், புகாரே முதலாளி மீது என்றாலும் மாவட்ட ஆட்சியர் அமைக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் அதே குழுதான். இங்கே கெடு தவறினாலும் காவல் நிலையப் புகாருக்கான காலம் தனியாக இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு இரண்டையும் இழக்காதீர்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று நிற்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். குழந்தைக்கு 1098, பெண்களுக்கு 181. இழப்பீட்டு மனுவும் அதே ஆணைக்குழுவில்தான். வருமானச் சான்று கேட்டு யாராவது அலைக்கழித்தால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது என்று சொல்லுங்கள்.