வேகத்துக்கு வரம்பு வைத்தால் கேம் இன்னும் சுறுசுறுப்பாகும், தெரியுமா?

ஒன்றுமே நடக்காத ஒரு மெனு திரை, கிராபிக்ஸ் கார்டைக் கொதிக்க வைத்துவிடும், தெரியுமா? 2010-ல் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ வெளிவந்தபோது நிஜமாகவே இது நடந்தது. ஆயிரம் வீரர்கள் மோதும் போர்க்களத்தில் அல்ல, ஆட்டம் தொடங்கும் முன்பு வரும் மெனுவில்! அங்கே வரைவதற்கு வேலை கொஞ்சம்தான். அதனாலேயே கார்டு அந்த ஒரே காட்சியை விநாடிக்கு எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை வரைந்து தள்ளியது. காற்றோட்டம் சரியில்லாத கம்ப்யூட்டர்களில் கார்டு கன்னாபின்னாவென்று சூடேறியது. பிளிசார்டு நிறுவனம் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இரண்டே வரி. ஆட்டத்துக்கு விநாடிக்கு 60 ஃபிரேம், மெனுவுக்கு 30. அவ்வளவுதான்!

2021-ல் அமேசானின் ‘நியூ வேர்ல்டு’ கேமின் பீட்டா சோதனையில் விலை உயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்தே போயின. கார்டுகளைச் செய்த இவிஜிஏ ஆராய்ந்தபோது சில கார்டுகளில் சால்டரிங் சரியில்லை என்று தெரிந்தது. ஆக, குற்றவாளி ஃபிரேம் ரேட் மட்டுமல்ல. இருந்தாலும் அமேசான் உடனே செய்த வேலை, மெனுவில் ஃபிரேம் ரேட்டுக்கு உச்சவரம்பு போட்டதுதான்.

சரி, சூடு குறையும், ஆனால் வரம்பு வைத்தால் கேம் மந்தமாகிவிடாதா என்று கேட்பீர்கள். அங்கேதான் பெரிய ஆச்சரியம்! பல நேரங்களில் வரம்பு வைத்த பிறகுதான் மவுஸ் அசைவுக்குத் திரை சட்டென்று பதில் சொல்கிறது. கிராபிக்ஸ் கார்டு நூறு சதவீதமும் திணறிக்கொண்டிருக்கும்போது பிராசஸர் சும்மா இருப்பதில்லை. அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கான வேலையைத் தயார் செய்து வரிசையில் நிறுத்திவிடுகிறது. நீங்கள் துப்பாக்கி சுட அழுத்திய அந்தக் கிளிக், வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. முன்னால் நிற்பவை எல்லாம் வரைந்து முடிந்த பிறகுதான் உங்கள் குண்டு திரைக்கு வரும். கார்டால் 110 ஃபிரேம் முடியும் என்றால் 100-ல் நிறுத்திப் பாருங்கள். வரிசையே உருவாகாது. கிளிக் நேராக அடுத்த ஃபிரேமுக்குள் நுழைந்துவிடும்! என்விடியா 2020-ல் கொண்டுவந்த ‘ரிஃப்ளெக்ஸ்’ வசதியின் அடிப்படையும் இந்த வரிசையை ஒழிப்பதுதான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில், திரையையும் கார்டையும் ஒத்திசைக்கும் ஜி-சிங்க், வி-சிங்க் இரண்டையும் சேர்த்துப் போட்டால், ரிஃப்ளெக்ஸ் தானாகவே ஃபிரேம் ரேட்டை 138-ல் பிடித்து வைக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ போன்ற போட்டி ஆட்டங்களில், கார்டு திணறாமல் 300, 400 என்று பறந்தால், மானிட்டரின் ஹெர்ட்ஸ் அதைவிடக் குறைவாக இருந்தாலும் லாபம்தான். திரையில் வந்து விழும் படம் சில மில்லி விநாடிகள் புதியதாக இருக்கும். போட்டிக்காரர்கள் வரம்பை உயரத்தில் வைப்பது வெறும் மூடநம்பிக்கை அல்ல.

இனி வருவது என்னை மிகவும் அசத்திய விஷயம். ‘குவேக் 3 அரீனா’வில் ஃபிரேம் ரேட்டைச் சரியாக 125-ல் வைத்தால் உங்கள் வீரர் கூடுதல் உயரம் தாவுவார், தெரியுமா? 1999-ல் வந்த கேம் அது. அதில் புவியீர்ப்பு 800 அலகு. 125 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 8 மில்லி விநாடி. அந்த நேரத்தில் தாவுபவரின் வேகம் 6.4 குறைய வேண்டும். ஆனால் கேம் வேகத்தை முழு எண்ணாக மாற்றிவிடுகிறது, அதனால் 6 மட்டுமே குறைகிறது! 270 வேகத்தில் கிளம்பும் தாவல் உச்சியைத் தொட 45 ஃபிரேம் ஆகும். அந்த 45 ஃபிரேமிலும் 0.4, 0.4 என்று புவியீர்ப்பு ஏமாந்துகொண்டே போகிறது. கேமுடன் வந்த அமைப்பு 85 ஃபிரேம். ஃபிரேம் நேரத்தையும் கேம் முழு மில்லி விநாடியாக வெட்டிவிடுவதால், அதில் 8.8 குறைய வேண்டிய இடத்தில் 9 குறையும், அதாவது தாவுபவருக்கு நஷ்டம். இரண்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 4 அலகு. க்யூ3டிஎம்13 மேப்பில் மெகா ஹெல்த்தை எட்டித் தாவிப் பிடிக்க இந்தச் சின்ன உயரம்தான் கைகொடுத்தது. அதனால் 125 என்ற எண் குவேக் ஆட்டக்காரர்களுக்கு மனப்பாடம்!

ஃபிரேமோடு கேமின் கடிகாரத்தையே முடிச்சுப் போட்ட கதைகள் இன்னும் உண்டு. ‘டார்க் சோல்ஸ் 2’ கம்ப்யூட்டரில் 60 ஃபிரேமில் ஓடியபோது வாள்கள் இருமடங்கு வேகத்தில் தேய்ந்தன. ‘நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸ்’ஸின் 30 ஃபிரேம் பூட்டை உடைத்து 60 ஆக்கியவர்களுக்கு மொத்த ஆட்டமும் இருமடங்கு வேகத்தில் ஓடியது. 60-க்கு மேல் போனால் ‘ஸ்கைரிம்’மில் மேசைமேல் இருக்கும் பாத்திரங்கள் தானாகத் துள்ளிப் பறக்கும்!

40 என்ற எண்ணைப் பற்றித் தெரியுமா? 30-க்கும் 60-க்கும் நடு எது என்றால் 45 என்போம். ஆனால் கண்ணுக்குப் படுவது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம். 30 ஃபிரேமில் அது 33.3 மில்லி விநாடி, 60-ல் 16.7. நட்ட நடு 25. அதுதான் 40 ஃபிரேம்! 10 ஃபிரேம் கூட்டியதிலேயே பாதி தூரம் கடந்தாகிவிட்டது. 2021-ல் ‘ராட்செட் அண்டு கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ 120 ஹெர்ட்ஸ் டிவிகளுக்கு 40 ஃபிரேம் வசதி கொடுத்தது இந்தக் கணக்கில்தான். 120-ஐ 40 மீதியில்லாமல் வகுக்கும், ஒவ்வொரு படமும் சரியாக மூன்று சுற்று திரையில் நிற்கும். கையடக்க ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்கள் பேட்டரியை இழுத்துப் பிடிக்க நாடுவதும் இதே 40.

மின்சாரத்திலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. சிப் உச்ச வேகத்தில் ஓட வோல்டேஜை ஏற்ற வேண்டும். மின் செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும். அதனால் கடைசிச் சில ஃபிரேம்கள்தான் படு காஸ்ட்லி, அவற்றை விட்டுக்கொடுத்தால் வாட் கணக்கு மளமளவென்று இறங்கும். 300 வாட் இழுக்கும் கார்டு அந்த 300 வாட்டையும் வெப்பமாக அறைக்குள்தான் கொட்டுகிறது. அக்னி நட்சத்திர நேரத்தில் மூடிய அறையில் விளையாடுபவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

கேமுக்குள்ளேயே ஃபிரேம் ரேட் வரம்பு இருந்தால் முதலில் அதைப் போடுங்கள், ரெஸ்பான்ஸ் பெரும்பாலும் அதில்தான் நன்றாக இருக்கும். இல்லாவிட்டால் என்விடியா கன்ட்ரோல் பேனல் அல்லது ரிவாட்யூனர் மென்பொருள். மாறும் ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் அதன் உச்சத்துக்கு மூன்று நான்கு ஃபிரேம் கீழே நிறுத்துங்கள். என்விடியா பேனலில் பின்னணியில் ஓடும் கேமுக்கென்று தனி வரம்பும் இருக்கிறது. நீங்கள் பிரவுசருக்குத் தாவிய பிறகும் சில கேம்கள் முழு மூச்சில் வரைந்துகொண்டேதான் இருக்கும், தெரியுமா? அதற்கு 20 ஃபிரேம் தாராளம்!